சுவடற்ற மலையில் ஒரு பிடி சோறு

திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்ட மோப்ப நாய் சோதனைச்சாவடியை இரண்டு முறை சுற்றி வந்தது. காணாமற்போன பெண்ணின் துப்பட்டாவை மறுபடியும் முகர்ந்து பார்த்தது. பிறகு கொடிக்கம்பத்தடியில் படுத்துக்கொண்டது. அதைக் கூட்டிவந்த காவலர் வெட்கத்தோடு கயிற்றைச் சுண்டினார். நாய் எழுந்திருக்கவில்லை. முகாம் ஆய்வாளர் சிவசைலத்துக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. மோப்பம் பிடிக்கத்தக்க எதுவும் அந்த மலையில் மிஞ்சக்கூடாது என்பதற்காகத்தான் பதினோரு ஆண்டுகளாக அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்தார்கள்.

"நாய் தூங்கிட்டு சார்," என்றார் வனக்காவலர் ஜெபசிங்.

"அதைக் குறை சொல்லாதீங்க. அதுக்கு இங்க வேலை இல்லை."

"வேலை இல்லாமப் பண்ணுனது யாரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வாயிலுக்குக் குறுக்கே மஞ்சள் நிறப் பள்ளி வேன் ஒன்று நின்றது. அதை ஓட்டிவந்த முப்பிடாதி, சேலைமேல் காக்கிச்சட்டை அணிந்தபடி, அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். காணாமற்போன நிறைமதி அவருடைய ஒரே மகள். வெள்ளிக்கிழமை மலையேறியவள் ஞாயிறு மாலை இறங்கியிருக்க வேண்டும். அன்று செவ்வாய்.

"எம்மவ உங்க பரீட்சையில எத்தன மார்க்குன்னு தெரியுமா சார்?"

"நூற்றுக்கு நூறு," என்றார் சிவசைலம். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. முகாம் உரிமத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவள் அவள் ஒருத்திதான். யாரும் பெறக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் அவர் வினாக்களை அமைத்திருந்தார்.

"வீட்டுல ஒரு சொல்லு கேக்க மாட்டா. நீங்க எழுதுனத மட்டும் அட்சரம் பெசகாமக் கேட்டிருக்கா. கூடாரம் எங்க போடணும், ஓடைக்கு எம்புட்டுத் தள்ளிப் படுக்கணும், வெளிக்குப் போனா அத எப்படிப் பையில கட்டித் தூக்கிட்டு வரணும், அம்புட்டும் எழுதுனீயளே. தொலஞ்சுபோனா எப்படிக் கண்டுபிடிக்கணும்னு ஒரு வரி எழுதுனீயளா?"

எழுதவில்லை. முகாமிடுவோர் கையேடு முழுவதும் அவர் கைப்பட எழுதியது. அதில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரி அதில் இல்லை. மலையேறுபவர்களின் உடலில் இருப்பிடம் காட்டும் கருவி ஒன்றைப் பொருத்தலாமா என்று மலையை நிர்வகிக்கும் குழு கேட்டபோது, வேண்டாம் என்று வாதிட்டு வென்றவரும் அவரே. 'கண்காணிக்கப்படும் இடம் காடு ஆகாது' என்று அன்று அவர் சொன்ன வாக்கியம் குழுவினருக்குப் பிடித்துப்போய், பெரிய எழுத்துகளில் வாயிலில் எழுதி வைத்தார்கள். முப்பிடாதி நின்றுகொண்டிருந்தது அந்தப் பலகைக்குக் கீழேதான்.

வெள்ளிப்புல்மலை ஒரு தலைமுறைக்காலம் மூடிக் கிடந்தது. மக்கள் போய்த் தங்கியதால் கெட்டது, ஆகவே மூடினார்கள். மீட்புத்தூள் வந்த பிறகே திறந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை உலர்த்திச் செய்த சாம்பல் நிறப் பொடி அது. முடி, தோல், வியர்வை, எச்சில், சிந்திய பருக்கை என மனிதன் விட்டுச்செல்வதை மட்டும் தின்னும். தின்று முடித்ததும் தானும் செத்துப்போகும். அது தூவிய இடத்தில் மிதிபட்ட புல் மறுநாளே நிமிர்ந்துவிடும். ஒவ்வொரு காலையும் கூடாரத்தைப் பிரித்தபின் தூள் தூவ வேண்டும்; அதன்பின் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும்; ஒரே இடத்தில் இரண்டாம் இரவு தங்கக்கூடாது. தரப்படும் காலணிகளின் அடியிலும் அதே தூள் கசியும். ஊர்மக்கள் அதைத் துடைப்பொடி என்றார்கள். சிவசைலத்துக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் தவறான பெயர் என்று சொல்வதற்கும் இல்லை.

"அப்ப அவ எந்தப் பக்கம் போனான்னே தெரியாதா?" என்றார் முப்பிடாதி.

"தெரியாதும்மா."

"வெள்ளிக்கெழம எங்க படுத்திருந்தா?"

"அதுவும் தெரியாது. உங்க மகள் விதிப்படி நடந்திருந்தா, படுத்திருந்த இடத்தையே இப்ப அவளாலகூடக் காட்ட முடியாது."

"நடந்திருப்பா," என்றார் முப்பிடாதி. அதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கியவர் பாதியிலேயே குரலை மாற்றிக்கொண்டார்.

மலையுச்சி இரண்டு நாளாக மேகத்துக்குள் இருந்தது. சூட்டைக் கண்டறியும் ட்ரோன்கள் மூடுபனியில் குருடாகித் திரும்பிவிட்டன. மாலைக்குள் பெருமழை பிடிக்கும் என்று வானிலை நிலையம் சொல்லியிருந்தது. பிடித்தால் மேற்குச் சரிவின் ஓடைகள் எல்லாம் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு தேடப் போகிறவர்களைத் தேட வேறு ஆட்களை அனுப்ப வேண்டியிருக்கும். தேடுதல் குழுக்கள் கிழக்குச் சரிவைப் பிரித்துக்கொண்டன. மேற்குச் சரிவை சிவசைலமும் ஜெபசிங்கும் எடுத்துக்கொண்டார்கள். முப்பிடாதியை யாரும் அழைக்கவில்லை. ஆனால் ஜீப் கிளம்பியபோது அவர் பின்னிருக்கையில் இருந்தார், மடியில் தூக்குச்சட்டியோடு.

"உரிமம் இல்லாதவங்க மேலே வரக்கூடாதும்மா," என்றார் சிவசைலம்.

"பள்ளிக்கூட வேன் ஓட்டுத லைசென்ஸ் இருக்கு. அதுல மலைக்குப் போகக்கூடாதுன்னு போடல. வண்டிய எடுங்க."

ஜெபசிங் வண்டியை எடுத்தார்.

*

புல்மேட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சிவசைலம் சுவடுமானியைத் தரையில் ஊன்றி ஊன்றி நடந்தார். ஊன்றுகோல் வடிவிலான அந்தக் கருவி, மண்ணில் மனிதச் சுவடு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். ஊன்றிய இடமெல்லாம் சுழியம் காட்டியது.

அந்தச் சுழியத்தைக் காணும்போதெல்லாம் அவருக்குள் ஓர் அமைதி இறங்குவது வழக்கம். செம்மையாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததைப் போன்ற அமைதி. சுழியம் வராத இடத்தில் அவர் மண்டியிட்டுத் தேடுவார். ஒரு மிளகாய் விதையோ நகத்துண்டோ அகப்படும். உரியவருக்குத் தண்டனை போகும். இன்று நடக்க நடக்க அந்தச் சுழியம் அவரை அச்சுறுத்தத் தொடங்கியது. ஒன்று, இந்த வழியாக யாரும் வரவில்லை. அல்லது, நூற்றுக்கு நூறு வாங்கிய ஒருத்தி வந்திருக்கிறாள். இரண்டுக்கும் கருவி ஒரே விடையைத்தான் சொல்லும்.

"ஒரு பாக்குப் பொட்டலம் கெடந்தாக்கூட இப்பக் கும்பிட்டுருவேன் சார்," என்றார் ஜெபசிங்.

சிவசைலம் சுவடுமானியை மறுபடி ஊன்றினார். தாமும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பதை அவர் சற்று முன்னரே கவனித்திருந்தார். யாராவது, எங்காவது, ஒரு விதியையாவது மீறியிருக்கக்கூடாதா என்று.

கூப்பிட்டுப் பார்த்தார்கள். மூடுபனி ஒலியைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொண்டது. விசில் ஊதினார்கள். கீழே எங்கோ ஓடும் ஓடைகளின் இரைச்சல் மட்டும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தது.

நண்பகல் கடந்தபின் ஜெபசிங்குக்குக் கால் பின்னியது. ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். முப்பிடாதி தூக்குச்சட்டியைத் திறந்தார். புளிச்சோறும் பருப்புத் துவையலும் இருந்தன. அவர் முதலில் ஒரு பிடியை எடுத்து, எழுந்து போய், சற்றுத் தள்ளியிருந்த பாறையின் தலையில் வைத்தார்.

"அம்மா, அதை எடுங்க," என்றார் சிவசைலம்.

"எத?"

"அந்தச் சோற்றை. இங்க உணவை வெளியில வைக்கிறது குற்றம். இருக்கிற குற்றங்கள்லேயே பெரிய குற்றம்."

"காக்காய்க்கு வைக்காம எப்படித் திங்க?"

"இங்க காக்கை கிடையாது. நீங்க சொல்றது ஊர்க்காக்கை, சாம்பல் கழுத்துக் காக்கை. மனுஷன் இருக்கிற இடத்துலதான் அது இருக்கும். இந்த உயரத்துல இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பதிவாகலை."

"கூப்பிடாம எப்படி வரும்?" என்றார் முப்பிடாதி. "அவ அப்பா செத்ததுலருந்து எங்க வீட்டுல யாரும் காக்காய்க்கு வைக்காம வாயில சோறு வச்சதில்ல. அவளும்தான். காய்ச்சல்ல கெடந்தப்பவும் தவழ்ந்து போயி சன்னல்ல வச்சுட்டு வந்துதான் கஞ்சி குடிச்சா."

"இங்க வைக்க மாட்டாள். அவளுக்கு விதி தெரியும்."

"விதி தெரியும். பசி எடுக்கும்போது கை பாட்டுக்கு வைக்கும். அது அவளக் கேட்டா வைக்கும்?"

அவர் பாறையின் பக்கம் திரும்பி, "கா... கா..." என்று கூப்பிட்டார். அது கூப்பாடு போலவும் இல்லை, வேண்டுதல் போலவும் இல்லை. அடுத்த வீட்டுக்காரரைச் சாப்பிட அழைக்கும் சாதாரணக் குரலாக இருந்தது. சிவசைலம் எழுந்தார். சோற்றைத் தாமே எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தூள் தூவுவது என்று முடிவு செய்திருந்தார்.

அவர் பாறையை அடைவதற்குள் மூடுபனி அசைந்தது. ஒரு காக்கை இறங்கி வந்து பாறையில் உட்கார்ந்தது. கழுத்து சாம்பல் நிறமாக இருந்தது.

மூவரும் அசையவில்லை. காக்கை தலையைச் சாய்த்து முப்பிடாதியைப் பார்த்தது; சிவசைலத்தைப் பார்த்தது; அவரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று முடிவு செய்ததைப்போல் சோற்றைக் கொத்தியது.

சிவசைலத்துக்கு முதலில் எழுந்தது கோபம். இந்தப் புல்மேட்டைத் தவிர வேறெங்கும் பிழைக்க முடியாத நெட்டைக்காலி என்னும் சிறு பறவை, புல்லடியில் தரையோடு தரையாகக் கூடு வைக்கும். காக்கைக்கு அதன் முட்டை தட்டில் வைத்த பலகாரம். ஒரு காக்கை இங்கே வந்துவிட்டதென்றால் அவருடைய பதினோரு ஆண்டுகளும் அதன் அலகில் இருக்கின்றன. அந்தக் கோபம் அடங்குவதற்கு முன்பே, அதற்கு அடியிலிருந்து வேறொன்று மெதுவாக எழுந்து வந்தது.

"ஜெபசிங், இது எப்படி இங்க வந்திருக்கும்?"

"பறந்து வந்திருக்கும் சார்."

"ஏன் வந்திருக்கும்?"

ஜெபசிங் சோற்றையும் காக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரோ தீனி போட்டிருக்காவ. ஒருநா ரெண்டுநா இல்ல சார், ரொம்பக் காலமா. காக்கா ஆள மறக்காது. செக்போஸ்டுல ஒண்ணு மூணு வருசமா என் தலையிலேயே கொத்துது. நான் அதுக்கு ஒரு பாவமும் பண்ணல. எனக்கு முன்னால இருந்த காவலர் தொப்பிய வாங்கிப் போட்டேன், அம்புட்டுத்தான்."

நிறைமதி மூன்றாண்டுகளாக மாதம் ஒருமுறை இந்த மலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. பிறகு அந்த இடத்தைத் துடைத்திருக்கிறாள். பருக்கையின் வாசம்கூட மிஞ்சாமல், குறையில்லாமல். சிவசைலம் நூறுமுறை சோதித்திருந்தாலும் சுழியம்தான் வந்திருக்கும்.

"தூள் தரையைத்தான் துடைக்கும்," என்றார் அவர், யாரிடமும் என்றில்லாமல். "காக்கையோட நினைப்பைத் துடைக்காது."

காக்கை அலகு நிறையச் சோற்றை அடக்கிக்கொண்டு எழும்பியது. வடமேற்காகப் போயிற்று. சிவசைலம் சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். சற்று நேரத்தில், அது போன திசையிலிருந்தே இரண்டு காக்கைகள் வந்தன. பாறையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

முப்பிடாதி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு ஆண்டுகளில் சொல்லியிராத ஒன்றைச் சிவசைலம் சொன்னார்:

"இன்னொரு பிடி வையுங்கம்மா."

*

சோறு வைத்தார்கள், காக்கைகள் எடுத்துப் போன திசையில் நடந்தார்கள், மறுபடி வைத்தார்கள். மூடுபனிக்குள் காக்கைகளின் கரைச்சல் கேட்கத் தொடங்கியதும் சோறு தேவைப்படவில்லை. சரிவு செங்குத்தாகி, ஓடையின் இரைச்சல் காதை அடைத்தது. காட்டுப்பூவரசு மரம் ஒன்றின் பட்ட கிளையில் ஐந்தாறு காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பந்திக்குக் காத்திருப்பவர்களைப்போல. மரத்தடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பிளவு இருந்தது. அதற்குள் இடுப்பளவு இறங்கி, ஒரு கால் சிக்கிய நிலையில், பாறையில் சாய்ந்திருந்தாள் நிறைமதி. பக்கத்தில் கையெட்டும் தொலைவில், ஒரு தட்டைக்கல்லின் மேல் கொஞ்சம் நனைத்த அவல் இருந்தது.

முப்பிடாதி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். பிளவின் விளிம்பில் படுத்து மகளின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ காக்கா கூப்பிட்டது கேட்டுச்சு," என்றாள் நிறைமதி. குரல் கம்மிப்போயிருந்தது. "எனக்குத்தான் மண்ட கொழம்பிட்டுன்னு நெனச்சேன்."

"கொழம்புததுக்கு உனக்கு எங்கட்டி மண்ட இருக்கு? வாய மூடு. தண்ணி குடி."

ஜெபசிங் வாக்கிடாக்கியில் ஸ்ட்ரெச்சரும் ஆட்களும் கேட்டார். சிவசைலம் பிளவுக்குள் இறங்கிக் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கால்சட்டை கிழிந்து, சதை கிழிந்து, அதன்மேல் அவள் தன் சட்டைக்கையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். ஞாயிறு காலை முதல் அங்கே கிடந்திருக்கிறாள்.

"சார்," என்றாள் நிறைமதி. தேர்வு அறையில் சந்தேகம் கேட்பவளின் குரலாக இருந்தது அது. "ரத்தம் நெறையப் போச்சு. பாற மேல எல்லாம் பட்டுட்டு. பட்ட எடத்துல எல்லாம் தூவிட்டேன். கை எட்டுன வரைக்கும் தூவிட்டேன்."

சிவசைலம் பாறையைப் பார்த்தார். ஒரு துளிகூட இல்லை. பழக்கத்தின் காரணமாகவோ, வேறு என்ன செய்வதென்று தெரியாததாலோ, சுவடுமானியை அவள் பக்கத்தில் ஊன்றினார். இரண்டு நாள்களுக்கு மேலாக ஒரு பெண் இரத்தம் சிந்திக் கிடந்த இடத்தில் அது சுழியம் காட்டியது. எல்லாம் விதிப்படி இருந்தது. அவர் கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

"எதுக்குத் தூவுனே?" என்றார்.

அவள் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் பார்த்தாள். "நீங்கதான சார் எழுதியிருக்கீங்க. எந்த நெலையிலயும் சுவடு விடக்கூடாதுன்னு."

'எந்த நிலையிலும்' என்பவை அவர் எழுதிய சொற்கள்தாம். அழுத்தத்துக்காகச் சேர்த்தவை.

ஆட்கள் வருவதற்குள் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம், அவர் அப்படிப்பட்டவர் அல்லர்.

"வனவுயிர்களுக்கு உணவளிக்கக்கூடாது. அது உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"தேர்வுலயும் சரியா எழுதியிருந்தே."

"ஆமா சார். பன்னி, கொரங்கு, அணில், எதுக்கும் நான் வச்சதே இல்ல. ஒருதடவ ஒரு மிளா மான் பக்கத்துலயே வந்து நின்னுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. வைக்கல."

"காக்கைக்கு?"

"காக்கா வனவுயிரா சார்?" என்றாள் நிறைமதி. "அது எங்கப்பால்லா."

மரத்தின் மேலிருந்து ஒரு காக்கை இறங்கி, அவர்கள் எல்லாரும் இருக்கும்போதே, தட்டைக்கல்லில் இருந்த அவலைத் தின்னத் தொடங்கியது. அதை விரட்ட யாரும் கையை உயர்த்தவில்லை.

அவளைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது முதல் துளி விழுந்தது. அன்று இரவு அந்தப் பிளவின்மேல் ஓடை போனது என்று பிறகு ஜெபசிங் சொன்னார்.

*

கால் பிழைத்தது. அவள் உயிரோடிருப்பதற்குக் காரணமான குற்றத்துக்காக அவளுடைய உரிமத்தை ரத்துசெய்யும் ஆணையில் சிவசைலம் கையொப்பமிட்டார். நிறைமதி மேல்முறையீடு செய்யவில்லை. கையேட்டில் 'எந்த நிலையிலும்' என்பதை அவர் நீக்கினார். காயம்பட்டவர் எதையும் துடைக்கலாகாது என்று ஒரு வரி சேர்த்தார். இருப்பிடக் கருவியைப் பற்றிக் குழு மீண்டும் கேட்டது. இம்முறை அவர் வாதிடவில்லை. வாயிற்பலகையைக் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள்.

மழை விட்டபின் அவர் புல்மேட்டுக்குப் போய் நெட்டைக்காலிகளின் கூடுகளைப் பார்த்தார். மேற்குச் சரிவில் பெரும்பாலான கூடுகள் வெறுமையாக இருந்தன. உடைந்த ஓடுகள் கிடந்தன. ஒரு தாய்ப்பறவை வெறுங்கூட்டைச் சுற்றி நடந்து நடந்து, அதற்குள் உட்கார்ந்துகொண்டது. அவர் விதிகளை வெறும் பிடிவாதத்தால் எழுதவில்லை என்பதற்கு அது சான்று. அந்தச் சான்று அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை.

இதைத் தலைமையகத்துக்குத் தெரிவித்தார். 'காக்கைகள் மனிதனால் வந்தவை. ஆகவே அவையும் சுவடே. அகற்றுக' என்று பதில் வந்தது. துப்பாக்கி சுடத் தெரிந்தவர் ஒருவரை அனுப்புவதாகவும் சொன்னார்கள். சுவட்டுக்குக் காரணமானவருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது விதி. நிறைமதி கட்டிலில் இருந்ததால் அவர் முப்பிடாதியிடம் போனார். பள்ளி விடும் நேரம். வேனுக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அதுல ஒண்ணு அவரு," என்றார் முப்பிடாதி.

"அம்மா, அதை நான் எழுத முடியாது."

"எழுதச் சொல்லல. சொல்லுதேன்."

"அதுங்க அங்க இருந்தா அடுத்த வருஷம் ஒரு குஞ்சுகூட மிஞ்சாது. அதுவும் உயிர்தானே?"

முப்பிடாதி ஸ்டியரிங்கில் விரலால் தட்டினார். பின்னால் யாரோ யாரையோ கிள்ளி, அழுகை எழுந்தது. அவர் திரும்பாமலே, "சத்தம் வந்துச்சு, எல்லாரையும் ஏத்துன எடத்துலயே எறக்கி விட்டுருவேன்," என்றார். வேனுக்குள் அமைதி நிலவியது.

பிறகு அவர் சிவசைலத்தைப் பார்த்தார். "அவ எப்படி சார் அதுகள மேல கூட்டிட்டுப் போனா?"

"சோறு வச்சு."

"அப்ப அப்படியே எறக்க வேண்டியதுதான?"

கையேட்டில் அதைத் தடைசெய்யும் விதிகள் பல இருந்தன. அதைவிடச் சரியான வழி ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிப்புல்மலையின் மேற்குப் பாதையில் மூன்று பேர் இறங்கி வந்தார்கள். முன்னால் முப்பிடாதி, பெரிய அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிடி வைத்துக் கூப்பிட்டபடி. நடுவில் ஜெபசிங், வனவுயிருக்கு உணவளித்ததற்கான குற்றப்பதிவை ஒவ்வொரு பிடிக்கும் ஆய்வாளரின் பேரில் எழுதியபடி. அவ்வாறு எழுதும்படி பணித்தவர் ஆய்வாளரே. கடைசியில் சீருடையில் சிவசைலம், காக்கைகள் தின்று பறந்த பாறைகளில் மண்டியிட்டுத் தூள் தூவியபடி.

"ஒங்க பேருல இப்பவே பத்துப் பதினஞ்சு கேசு ஆயிட்டு சார்," என்றார் ஜெபசிங். "ஒங்க உரிமமும் ரத்தானா வீட்டுலதான் இருக்கணும்."

"எழுதுங்க. விட்டுடாதீங்க."

காக்கைகள் மரத்துக்கு மரம் தாவி வந்தன. ஒன்று மட்டும் பின்தங்கியது; பாதி வழியில் திரும்பி மேலே பறக்கவும் பார்த்தது. முப்பிடாதி அண்டாவை இறக்கி வைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சொன்னார்: "வாரும். எப்பவும் ஒமக்குத் தனியாச் சொல்லணும்." சற்று நேரம் கழித்து அதுவும் வந்தது. சிவசைலம் அதைக் கண்டார், எங்கும் எழுதவில்லை.

சோதனைச்சாவடியைத் தாண்டி, காப்புக்காட்டின் வரம்புக்கல்லுக்கு வெளியே, சாலையோரத்தில் ஒரு புளியமரம் நின்றது. கடைசிப் பிடியை அதன் அடியில் வைத்தார்கள். காக்கைகள் அந்த மரத்தில் தங்கின.

"தெனமும் இங்க சோறு விழுந்தா மேல போகாது," என்றார் முப்பிடாதி. "ஒருநா விழலன்னா தேடிப் போயிரும். தெனமும் மத்தியானம் என்னால வர முடியாது, வண்டி ஓடணும். ஞாயித்துக்கெழம நான் பாத்துக்கிடுதேன்." மற்ற நாள்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மறு ஆண்டு மேற்குச் சரிவில் நெட்டைக்காலிகள் குஞ்சு பொரித்தன. காக்கைகள் மலையை விட்டு அகன்றுவிட்டதால் துப்பாக்கிக்காரர் வரவில்லை, ஆய்வாளர் பேரிலிருந்த பதிவுகளையும் தலைமையகம் முடித்துவைத்தது. சிவசைலத்துக்குத் தலைமையகத்தில் உயர்பதவி ஒன்று வந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை என்று பதில் எழுதினார். அவர் மணமாகாதவர் என்பது எல்லாருக்கும் தெரியும். சென்னையில் நடந்த கூட்டங்களுக்கும் அவர் போகவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒருநாள், ஜெபசிங்கின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து, வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நண்பகலில் அவர் உணவுப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்திலிருந்து வெளியே வருவார். வரம்புக்கல்லைக் கடந்து, சரியாக அதற்கு அப்பால் நின்று, திரும்பி ஒருமுறை கல்லைப் பார்த்து உறுதிசெய்துகொள்வார். பாத்திரத்தைத் திறந்து முதற்பிடியை எடுத்து வைப்பார். கூப்பிட மாட்டார், அது அவருக்கு வராது. காக்கைகள் தாமாக இறங்கி வரும். கடைசியாக இறங்கும் ஒன்று வந்து வாய் வைக்கும்வரை, எவ்வளவு பசியானாலும், அவர் காத்திருப்பார்.

பின்னர் அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டுக் கைகழுவுவார். சிந்திய பருக்கைகள் மண்ணில் கிடக்கும். தூள் அவர் பையிலேயே இருக்கும், எடுப்பதில்லை. வரம்புக்கல்லுக்கு அப்பால் சுவடு விடுவது குற்றமாகாது.